கசாண்ட்ராவின் பிரைமரி கீயில் எதற்காக இரட்டை அடைப்புக்குறி?

கேள்வி:
வணக்கம். பல ஆண்டுகள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பணியாற்றிய நான், இப்போது பல சர்வர்களில் தரவைப் பகிர்ந்து வைக்கும் கசாண்ட்ரா தரவுத்தளத்தைக் கற்றுவருகிறேன். மழைமானிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் அளவுகளைச் சேமிக்கும் அட்டவணையில், பிரைமரி கீ ((நிலையம், நாள்), நேரம்) என்று எழுதப்பட்டுள்ளது. நிலையத்தின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் பிழைச்செய்தி வருகிறது. உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை எளிமையாக விளக்க முடியுமா?

மறுமொழி 1:
கசாண்ட்ராவின் வினவல் மொழியான சிக்யூஎல், பார்வைக்கு மைஎஸ்க்யூஎல்லின் வினவல் மொழியான எஸ்க்யூஎல் போலவே இருப்பதால் வரும் குழப்பம் இது. நீங்கள் பழகிய தரவுத்தளத்தில் பிரைமரி கீ என்றால் ஒரு பதிவை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது என்றுதான் நினைத்திருப்பீர்கள். இங்கே அந்தப் பதிவு எந்த சர்வரில் தங்கும், அங்கே எதற்கு அடுத்ததாக இருக்கும் என்பவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

உள் அடைப்புக்குறிக்குள் உள்ள நிலையமும் நாளும் சேர்ந்தது பார்ட்டிஷன் கீ. இவ்விரண்டும் ஒன்றாக உள்ள பதிவுகளின் தொகுதியே பார்ட்டிஷன். இவ்விரண்டையும் சேர்த்து மர்மர்3 என்னும் ஹாஷ் கணக்கீட்டுக்கு உட்படுத்தினால், டோக்கன் எனப்படும் 64 பிட் எண் ஒன்று கிடைக்கும். அத்தகைய எண்கள் அனைத்தையும் ஒரு வளையமாகக் கொண்டு சர்வர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. டோக்கன் யாருடைய பங்கில் விழுகிறதோ அந்த சர்வரிலும், ரெப்ளிகேஷன் ஃபாக்டர், அதாவது பிரதிகளின் எண்ணிக்கை, 3 என்றால் வேறு இரண்டு சர்வர்களிலும் அந்தப் பதிவு எழுதப்படும். நிலையத்தை மட்டும் கொடுத்தால் டோக்கனைக் கணக்கிட இயலாது. யாரிடம் கேட்பது என்று தெரியாததால்தான் அது மறுக்கிறது. தேடல் கட்டளையில் அலவ் ஃபில்டரிங் என்று சேர்த்தால் விடை கிடைக்கும். ஆனால் அது எல்லா சர்வர்களையும் துழாவிப் பெற்ற விடை. தயவுசெய்து அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

வெளியே உள்ள நேரம், கிளஸ்டரிங் நெடுவரிசை, அதாவது பார்ட்டிஷனுக்குள் பதிவுகளை வரிசைப்படுத்துவது. ஒரு நிலையத்தின் ஒரு நாளைய 288 அளவுகளும் ஒரே பார்ட்டிஷனில் நேரப்படி அடுத்தடுத்து இருப்பதால், காலை 6 மணி முதல் 9 மணி வரையிலான அளவுகளை ஒரே தொடர்ச்சியாக வாசித்துவிடலாம்.

மறுமொழி 2:
விளக்கம் சரியானது, அட்டவணையின் வடிவத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாளைச் சேர்ப்பதன் நோக்கம் பார்ட்டிஷன் முடிவின்றி வளராமல் தடுப்பது. ஒரு பார்ட்டிஷன் 100 மெகாபைட்டுக்குள் இருக்கட்டும் என்பது பரவலான அறிவுரை. ஐந்து நிமிட இடைவெளியில் 30 நாள்களுக்குச் சேர்வது 8,640 சிறு பதிவுகள் மட்டுமே. ஆகவே நாளுக்குப் பதிலாக மாதத்தை வைத்திருந்தால், ஒரு மாத மழையை அறிய முப்பது பார்ட்டிஷன்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அதே கீயுடன் மீண்டும் இன்சர்ட் செய்தால் பிழை வராது. பழைய மதிப்பின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஒவ்வொரு மதிப்பும் எழுதப்பட்ட நேரத்தைத் தாங்கியிருப்பதால், பிரதிகள் முரண்படும்போது பிந்திய நேரத்தைக் கொண்டதே நிற்கும். சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

மறுமொழி 3:
இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எளிதில் மனத்தில் நிற்கும். ஃபேஸ்புக்கில் உருவாகி 2008இல் திறமூலமாக வெளியான கசாண்ட்ரா, அமேசான் 2007இல் விவரித்த டைனமோ என்னும் தரவுச் சேமிப்பு அமைப்பிலிருந்து வளையமாகப் பகிரும் முறையையும், கூகுள் 2006இல் விவரித்த பிக்டேபிள் என்னும் அமைப்பிலிருந்து தரவை வரிசைப்படுத்தி வைக்கும் முறையையும் எடுத்துக்கொண்டது. உங்கள் உள் அடைப்புக்குறியில் இருப்பது முன்னதின் வழிவந்தது. அதற்கு வெளியே இருப்பது பின்னதின் வழிவந்தது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால், குறிப்பிட்ட ஒரு நாளில் மிகுதியாக மழை பெய்த பத்து நிலையங்களை இந்த அட்டவணையிலிருந்து எப்படிப் பெறுவது?

மறுமொழி 1:
இந்த அட்டவணையிலிருந்து பெற வேண்டாம். அக்கேள்விக்கென்றே ((நாள்), மழையளவு, நிலையம்) என்ற கீயுடன், மழையளவை இறங்குமுகமாக வரிசைப்படுத்தி, வேறோர் அட்டவணை அமையுங்கள். ஒரே தரவை இரண்டு இடங்களில் எழுதுவது உங்களுக்கு உறுத்தும். ஆனால் அட்டவணைகளை இணைத்துத் தேடும் ஜாயின் இல்லாத இத்தளத்தில் அதுவே முறையான வழி. கிளஸ்டரிங் நெடுவரிசையின் மதிப்பை அப்டேட் செய்ய இயலாது என்பதால், மழையளவு கூடக்கூட எழுதாமல், நாள் முடிந்து மொத்தம் உறுதியான பிறகு ஒரே முறை எழுதுங்கள்.