கைவரை அனிமேஷனில் நொடிக்கு 24 படம் வரைந்தால்தான் நடை இயல்பாகுமா?

பென்சில்முனை:
‘டூஸில் வரைவது சோம்பேறித்தனம், நொடிக்கு 24 படமும் வரைந்தால்தான் பாத்திரம் இயல்பாக நடக்கும்’ என்று புதியவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார் ரெண்டர்ராஜா. எரிச்சல் தாங்கவில்லை. திரையில் நொடிக்கு ஓடுவது 24 ஃபிரேம். டூஸ் என்றால் ஒரே படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவது. அப்படி நொடிக்கு 12 படத்தில்தான் டிஸ்னியின் கைவரைப் படங்களில் பெரும்பகுதி வந்தது. அவர்களும் சோம்பேறிகளா?

ரெண்டர்ராஜா:
பெரும்பகுதிதானே, முழுவதும் இல்லையே? கேமரா பக்கவாட்டில் நகரும் பேன் வந்தால் அவர்களே ஒன்ஸுக்கு, அதாவது ஃபிரேமுக்கு ஒரு படம் என்று, மாறினார்கள். பின்னணி ஒவ்வொரு ஃபிரேமிலும் நகரும்போது கால் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றில் நகர்ந்தால் பாதம் வழுக்கும். 24 என்றால் 24தான்.

பென்சில்முனை:
பேனுக்கு ஒன்ஸ் வேண்டாம் என்று யார் சொன்னது? பேச்சு நடையைப் பற்றியது. குதிகால் தரையைத் தொடுகிறது. உடனே முழங்கால் மடங்கி, இடுப்பு இறங்கி, உடலின் எடையை வாங்குகிறது. மற்றக் கால் கடந்து போகையில் உடல் மறுபடி எழும்புகிறது. அந்த இறக்கத்தை விட்டுவிட்டு 48 படம் வரைந்தாலும் பாத்திரம் மிதக்கத்தான் செய்யும். நீங்கள் பெருமையாகப் போட்ட மாதிரி நடையில் இடுப்பு அடிக்கோல் வைத்ததுபோல் நேராகப் போகிறது. ஆள் நின்றதும் கை, முடி, சட்டை நுனி எல்லாம் அதே ஃபிரேமில் நின்றுவிடுகின்றன. எதுவுமே பின்தங்குவதில்லை. இதைத் திருத்த எத்தனை படம் வேண்டும்?

ரெண்டர்ராஜா:
அது பழைய பயிற்சி, அதை ஏன் இழுக்கிறீர்கள்? ஒரு காலடிக்கு 12 ஃபிரேம் என்றால் டூஸில் உங்களுக்குக் கிடைப்பது ஆறே படம். அதில் இறக்கத்துக்கு எத்தனை, ஏற்றத்துக்கு எத்தனை? 24 வரையுங்கள்.

தூரிகை:
2018இல் வந்த ஸ்பைடர் வெர்ஸ் அனிமேஷன் திரைப்படத்தில் நாயகன் மைல்ஸ் பல காட்சிகளில் டூஸில்தான் அசைகிறான். யாருக்காவது உறுத்தியதா?

ரெண்டர்ராஜா:
எனக்கே சாட்சி சொல்கிறீர்கள், நன்றி. காட்டில் தாவும் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டர் ஒன்ஸில் போகிறார், தாவத் தெரியாத மைல்ஸ் டூஸில் தடுமாறுகிறான். இயல்பு யாரிடம்?

பென்சில்முனை:
தடுமாற்றத்தைக் காட்டத் தெரிந்தே எடுத்த முடிவு சோம்பேறித்தனமா? அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். டிஸ்னி அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்த 12 அனிமேஷன் விதிகளில் ‘24 படம் வரை’ என்று எங்கே இருக்கிறது? ஓர் அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்று பார்க்கும் டைமிங் இருக்கிறது. ஸ்லோ இன், ஸ்லோ அவுட் இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் படங்களை நெருக்கி, நடுவில் விலக்கி வைப்பதுதான் அது. சம இடைவெளியில் அடுக்கினால் 24 படமும் வீண்.

புதியவன்:
நான் இன்னும் பந்து துள்ளும் பயிற்சியிலேயே நிற்கிறேன். ஒன்ஸா, டூஸா?

பென்சில்முனை:
டூஸில் தொடங்குங்கள், தம்பி. பந்து உச்சியில் இருக்கும்போது படங்களை நெருக்குங்கள்.

ரெண்டர்ராஜா:
பாருங்கள், அவரையும் கெடுக்கிறார். ‘கணினியில் செய்வது அனிமேஷனே அல்ல’ என்று சென்ற மாதம் எழுதியவரும் இவர்தான்.

பென்சில்முனை:
நான் எழுதியது ‘கணினி தானாக நிரப்பும் இடைப்படங்கள் அனிமேஷன் அல்ல’ என்று. படிக்கத் தெரியாவிட்டால் பேசாதீர்கள்.

தூரிகை:
இருவரும் ஒரே நடையை ஒன்ஸிலும் டூஸிலும் செய்து போடலாமே?

ரெண்டர்ராஜா:
முதலில் அவர் போடட்டும்.

பென்சில்முனை:
சோம்பேறி என்றவர் முதலில் போடட்டும்.