ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

ஆர்சி டிரக், அதாவது ரிமோட்ல ஓட்டற சின்ன மாடல் டிரக், அதோட பந்தயம் பத்தித் தமிழ்ல ஒரு நீளமான கட்டுரை எழுதிக்கிட்டு இருக்கேன். முப்பது முப்பத்தஞ்சு வருஷத்துல எந்தெந்தப் பிரிவு மேல வந்துச்சு, எது தேஞ்சு போச்சு, எது திரும்ப எழுந்துச்சுங்கறது தான் விஷயம். ஆரம்பிச்ச நாலாவது வரியிலயே சொல் கிடைக்காம நிக்கறேன். ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு "குறுகிய பாதைச் சரக்குந்து"ன்னு போட்டேன், படிச்சுப் பார்த்தா மனசு ஒப்பல. ஸ்டேடியம் டிரக்குக்கு "விளையாட்டரங்கச் சரக்குந்து", கேஸ் டிரக்குக்கு "எரிவாயுச் சரக்குந்து", ஆஃப்ரோடுக்கு "மண்தடம்", ஆர்சிக்கு "வானொலிக் கட்டுப்பாடு", கிளாஸுக்கு "வகுப்பு". எது சரி எது தப்புன்னு கொஞ்சம் சொல்லுங்க, ஷார்ட் கோர்ஸ் தான் அவசரம்.

மறு: ஷார்ட் கோர்ஸ் டிரக்

தம்பி, வணக்கம். நல்ல வேலை எடுத்திருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

> எரிவாயுச் சரக்குந்து

முதல்ல சரக்குந்தை எடுத்துடுங்க. அது லாரி. சரக்கு ஏத்தற வண்டின்னு தான் வாசிக்கிறவங்க மனசுல படியும், இங்க ஓடறதோ மேல பிக்கப் மாதிரி பாடி மாட்டின, உள்ள பக்கியோட (சக்கரம் வெளிய தெரியற லேசான மேடுபள்ளப் பந்தய வண்டி) கூடப் பொறந்த பந்தய வண்டி. டிரக்னே இருக்கட்டும். அடுத்து எரிவாயு. அமெரிக்காவுல பெட்ரோலுக்கு கேசோலின்னு பேரு, அதச் சுருக்கி கேஸ்ம்பாங்க, இன்ஜின் வெச்ச மாடல் வண்டி எல்லாத்துக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஆனா கேஸ் டிரக்ல ஊத்தறது பெட்ரோலும் இல்ல வாயுவும் இல்ல, மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த திரவம். மூலத்துலயே பேரு பிசகு, அத அப்படியே தமிழாக்கினா பிசகு ரெட்டிப்பாகும். நைட்ரோ டிரக்னு எழுதுங்க. நெஜமாவே பெட்ரோல்ல ஓடற, அசல் வண்டியில ஐந்துல ஒரு பங்கு அளவு வண்டிங்களும் இருக்கு, அதுக்கு பெட்ரோல் டிரக்னு தனியா சொல்ல இடம் இருக்கட்டும்.

வானொலின்னா தமிழ்ல நிகழ்ச்சி கேக்கற பெட்டி, அது வேணாம். ஒரு தடவை "ரேடியோ அலை மூலமா இயக்கற"ன்னு சொல்லிட்டு அப்புறம் ஆர்சின்னே போங்க. கிளாஸுக்குப் பிரிவு, சந்தேகமே இல்ல.

இப்ப அரங்கம். விளையாட்டரங்கம்னு நீட்ட வேணாம், "அரங்க டிரக்" போதும், ஆனா அந்த அரங்கம்ங்கற சொல்லை மட்டும் விட்டுடாதீங்க. அதுல தான் அந்தப் பிரிவோட பொறப்பே இருக்கு. அமெரிக்கப் பந்தயக்காரர் மிக்கி தாம்சன் 1979ல லாஸ் ஏஞ்சலீஸ் கொலீசியம் அரங்கத்துக்குள்ள மண்ணைக் கொட்டி மேடு கட்டி நெஜ டிரக்குகளைப் பாய விட்டாரு, பாலைவனத்துல தூரத்துப் புழுதியா மட்டும் தெரிஞ்ச பந்தயத்தை ஜனங்க இருக்கையில உக்காந்து முழுசா பார்த்தாங்க. அதைப் பார்த்த ஆர்சிக்காரங்க பக்கியோட சேசிஸ்ல பெரிய டயரும் பிக்கப் பாடியும் மாட்டி ஓட்ட ஆரம்பிச்சாங்க, 1990களோட ஆரம்பத்துல அசோசியேட்டட் கம்பெனியோட ஆர்சி10டி, லோசி கம்பெனியோட ஜேஆர்எக்ஸ்-டி இதெல்லாம் தனி வண்டியாவே வந்துச்சு. பக்கியோட அகலம் 250 மில்லிமீட்டர்னா இது 330 வரைக்கும் போகும். அகலமா கால் பரப்பி நிக்கறதால கவிழாது, புதுசா ஓட்டறவனைக் கைவிடாது, அதனால தான் கிளப்புகள்ல அப்படி ஒரு கூட்டம் சேர்ந்துச்சு. மிக்கி தாம்சன் ஆரம்பிச்ச அந்த அரங்கப் பந்தயத் தொடர் 1990கள்லயே நின்னுபோச்சு. இன்னிக்கு இந்த வண்டிய வாங்கற பையனுக்கு எந்த அரங்கம்னு தெரியாது, பேரு தான் அவனுக்கு அதைச் சொல்லணும்.

> குறுகிய பாதை

இது தான் முக்கியமான எடம். குறுகிய காலம்னா கொஞ்ச காலம், சரி. ஆனா குறுகிய பாதைன்னா ஒடுங்கின பாதை, சந்து மாதிரி. ஷார்ட் கோர்ஸ் தடம் ஒடுக்கமே இல்ல, நாலஞ்சு வண்டி பக்கத்துல பக்கத்துல இடிச்சுக்கிட்டுப் போற அளவு அகலம். ஷார்ட்ங்கறது எதுக்கு எதிர்ப்பதம்னு பார்க்கணும். மெக்சிகோவோட பாஹா தீபகற்பத்துல 1967ல ஆரம்பிச்ச பாலைவனப் பந்தயம் மாதிரி நூத்துக்கணக்கான மைல் ஒரே ஓட்டமா போறது ஒரு வகை. அதை விட்டுட்டு, விஸ்கான்சின் மாநிலத்துல கிராண்டன்ல நடக்கற மாதிரி மூடின தடத்துல திரும்பத் திரும்பச் சுத்தறது இன்னொரு வகை. பாலைவனத்துக்கு எதிரா நிக்கறதால இது ஷார்ட். அரங்கத்துக்குள்ள இருக்கறதை விட இது பெருசு தான், அதையும் மறந்துடக் கூடாது. குறுந்தொலைவுன்னு போட்டா நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி ஆயிடும், அதுவும் சரிப்படாது. என் யோசனை: குறுஞ்சுற்று டிரக்.

மறு: மறு: ஷார்ட் கோர்ஸ் டிரக்

அண்ணா சொன்ன விளக்கம் அத்தனையும் ஏத்துக்கறேன், முடிவா வெச்ச சொல்லை மட்டும் ஏத்துக்க முடியல.

குறுஞ்சுற்றுன்னா மின்சாரம் படிச்ச யாருக்கும் ஷார்ட் சர்க்யூட் தான் ஞாபகம் வரும். குறுக்குச்சுற்று, குறுஞ்சுற்று ரெண்டுமே அந்தப் பொருள்ல புழங்குது. வேற துறையா இருந்தா பரவாயில்லன்னு விட்டுடலாம், ஆனா இந்த வண்டிக்குள்ளயே லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இருக்கு, அதோட ரெண்டு ஒயரும் தெரியாம ஒட்டிக்கிட்டா தீப்பிடிக்கும், அதே கட்டுரையில "குறுஞ்சுற்று ஆகாம பார்த்துக்கணும்"னு ஒரு வரி கண்டிப்பா வரும். ஒரே பக்கத்துல ஒரே சொல்லு பந்தயமாவும் ஆபத்தாவும் நிக்கக் கூடாது.

சுற்றுக்குப் பதிலா தடம் எடுத்துக்கலாம். தடகளம்னு விளையாட்டுல ஏற்கனவே பழகின சொல். குறுந்தடம். எதிர்ப்பதம் வேணும்னா தேடவே வேணாம், நெடுந்தடம். குறில் நெடில் மாதிரி ஜோடியா நிக்கும். பாலைவனப் பந்தயத்துக்கு நெடுந்தடம், மூடின தடத்துக்குக் குறுந்தடம், ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு தானா விளங்கும். குறுந்தடத்தை ஒடுங்கின தடம்னு நினைச்சுக்கவும் வழியில்ல, ஏன்னா குறு ஒட்டினா நீளத்துல சின்னதுன்னு தான் காது எடுத்துக்கும்.

மறு: மறு: மறு: ஷார்ட் கோர்ஸ் டிரக்

அக்கா, குறுந்தடம் நெடுந்தடம் கேட்ட உடனே பிடிச்சுப்போச்சு. அண்ணா, உங்களுக்கும் சரின்னா அதையே வெச்சுக்கறேன்.

ஆனா தனி மடல்ல ஒரு நண்பர் ஒரு கேள்வி கேட்டாரு, பொதுவுல வைக்கறேன். குறுந்தடப் பிரிவே இப்ப பல கிளப்புல ஆள் சேராம நிக்குது, தேஞ்சுக்கிட்டு இருக்கற ஒண்ணுக்கு இவ்வளவு மெனக்கெட்டுப் புதுச்சொல் எதுக்கு, அப்படியே ஒலிபெயர்த்து எழுதிட்டுப் போயிடலாமேங்கறாரு. எனக்குப் பதில் தெரியல. இன்னொண்ணு, ஆஃப்ரோடுக்கு மண்தடம் போட்டது பத்தி யாரும் சொல்லலயே?

மறு: மறு: மறு: மறு: ஷார்ட் கோர்ஸ் டிரக்

குறுந்தடம் சரி. மின்சாரப் பக்கம் எனக்குத் தோணவே இல்ல, குறுஞ்சுற்றை நான் திரும்ப எடுத்துக்கறேன்.

நண்பரோட கேள்வி நியாயமானது, ஆனா நான் அதுக்கு நேர் எதிரா நினைக்கறேன். ஓடிக்கிட்டு இருக்கற பிரிவுக்குப் பேரு இல்லாட்டிக் கூட வண்டியக் கையால காட்டிப் புரிய வைக்கலாம். தேஞ்சு போனதை எதை வெச்சுக் காட்டறது? சொல் தான் இருக்கும். அதோட அந்தப் பிரிவு ஏன் அப்படி ஏறுச்சு ஏன் அப்படி எறங்குச்சுங்கறதுக்கான காரணம் பாதி அந்தப் பேருக்குள்ளயே இருக்கு.

2008ல டிராக்ஸாஸ் கம்பெனியோட ஸ்லாஷ்ங்கற குறுந்தட வண்டி வந்துச்சு. அப்ப அமெரிக்காவுல நெஜ குறுந்தடப் பந்தயம் டிவியில வந்துக்கிட்டு இருந்த நேரம், ஸ்லாஷோட பாடி அந்த வண்டிங்க மாதிரியே இருந்துச்சு, சக்கரத்தை மூடற மாதிரி முன்னாடி பின்னாடி பம்பர், பக்கத்துல இடிச்சாலும் சக்கரத்தோட சக்கரம் சிக்காது. பின்சக்கர இயக்கம், சாதாரண பிரஷ் மோட்டார், பெட்டியப் பிரிச்சா பேட்டரியைச் சார்ஜ் போட்டு ஓட்டிடலாம். கிளப்புகள் பல இடத்துல "எல்லாரும் இதே வண்டி, இதே மோட்டார், எதையும் மாத்தக் கூடாது"ன்னு விதி வெச்சாங்க, செலவு பண்றவன் ஜெயிக்கறான்ங்கற பேச்சுக்கே இடமில்லாம போச்சு. நான் ஓட்டிக்கிட்டு இருந்த கிளப்புல ஒரு சமயம் குறுந்தடத்துக்கு மட்டும் ஹீட் (தகுதிச் சுற்று) மேல ஹீட் ஓடிக்கிட்டே இருக்கும், அரங்க டிரக்குக்கு ஒரு ஹீட் நிரப்பவே ஆளைத் தேடணும், அந்த ஓரமா நின்ன ரெண்டு மூணு பேர்ல நானும் ஒருத்தன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு. 2009லயே அசோசியேட்டட் எஸ்சி10 வந்துடுச்சு, லோசியும் குறுந்தட வண்டி விட்டாங்க, அப்புறம் நாலு சக்கர இயக்கம், பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத, சக்தி கூடின மோட்டார்), கனமான டிஃபரன்ஷியல்.

எறங்கினது அங்க தான் ஆரம்பம்னு நான் சொல்வேன். எளிமைங்கற காரணத்தால வந்த கூட்டம், எளிமை போனதும் நிக்கல. அதோட பாடி. நெஜ வண்டி மாதிரி இருக்கணும்னு பெட்டி கணக்கா மூடின பாடி போட்டாங்களே, மேட்டுல பாய்ஞ்சு ஆகாசத்துல இருக்கும்போது அதுக்கடியில காத்து போய் அடைச்சுக்கிட்டு வண்டி குடை மாதிரி தூக்கும், மூக்கு மேல போயிடும். பின்பக்கம் ஓட்டை வெட்டி வெட்டிப் பார்த்தாங்க, குறைஞ்சுதே தவிர முழுசா தீரல. இது பேருலயே இருக்கற பிரச்சினை பாருங்க, குறுந்தட டிரக்குன்னா நெஜக் குறுந்தட வண்டி மாதிரி தெரியணும், அப்படித் தெரியறதுக்குக் குடுத்த விலை தான் அந்தக் காத்து. இதுக்கு அக்கா ஒரு சொல் தரணும், நான் இப்போதைக்குக் காத்துப்பிடிப்புன்னு சொல்றேன்.

இன்னொரு காரணம் ரொம்பப் பேர் பேசாதது. பத்துல ஒரு பங்கு அளவு மின்சார வண்டிக்கு ஐஎஃப்எம்ஏஆர்ங்கற உலக ஆர்சி கார் அமைப்பு நடத்தற உலகப் போட்டி 1985ல கலிபோர்னியாவுல டெல் மார்ல ஆரம்பிச்சப்பவே பக்கிக்குத் தான், ரெண்டு சக்கர இயக்கம் ஒண்ணு நாலு சக்கர இயக்கம் ஒண்ணு. டிரக்குக்கு அங்க இடம் கிடையாது. அமெரிக்காவுல ரோர்ங்கற ஆர்சி பந்தய அமைப்பு தேசியப் பட்டம் வெச்சிருக்கு, அவ்வளவு தான். அதனால பக்கி எந்தக் காலத்துலயும் ஒரேயடியா சாகாது, டிரக் பிரிவுகள் மட்டும் வாரக்கடைசியில கிளப்புக்கு எத்தனை பேரு வர்றாங்கங்கறதை நம்பியே வாழும். மூணு பேரு நிறுத்தினா அந்த வாரம் பிரிவே நடக்காது, நடக்கலன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேரு வரமாட்டாங்க. டிரக்ல ஏத்தமும் எறக்கமும் இவ்வளவு வேகமா நடக்கறதுக்கு இதுவே பெரிய காரணம்னு கட்டுரையில கட்டாயம் எழுதுங்க.

அரங்க டிரக் திரும்ப வந்ததும் இதே கணக்கு தான். அதோட கியர்பாக்ஸ், ஷாக், சேசிஸ்னு பல பாகமும் பக்கியோடதே, பக்கி ஓட்டறவன் ரெண்டாவது வண்டியா எடுத்தா உதிரி பாகம் தனியா வாங்கி அடுக்க வேணாம். குறுந்தடக் கூட்டம் கலைஞ்சப்ப அதுல பல பேரு பக்கிக்குப் போனாங்க, போனவங்கள்ல கொஞ்சம் பேரு பக்கத்துல இருந்த அரங்க டிரக்கையும் எடுத்துக்கிட்டாங்க. நைட்ரோ டிரக் மட்டும் அப்படி எழுந்திருக்கல. பிரஷ்லெஸ்ஸும் லைப்போவும் வந்தப்புறம் அந்த வேகம் சத்தமில்லாமலே கிடைச்சுது, இன்ஜின் வாசனை பிடிச்சவங்க எட்டுல ஒரு பங்கு அளவு வண்டிங்க பக்கம் போயிட்டாங்க.

மண்தடம். இதையும் மாத்தணும், ஏன்னா இப்ப ஆஃப்ரோடு பந்தயம் நிறைய இடத்துல மண்ணுலயே நடக்கறது இல்ல. கூரைக்குள்ள கார்பெட் விரிச்சு, இல்லன்னா செயற்கைப் புல் விரிச்சு, மரப்பலகையில மேடு கட்டி ஓட்டறாங்க. தண்ணி தெளிக்கிற வேலை இல்ல, தடம் ஓட்ட ஓட்ட மாறாது, பிடிமானம் அதிகம். அந்தப் பிடிமானம் தான் பக்கியில மோட்டாரைப் பின்னாலேர்ந்து நடுவுக்குக் கொண்டு வந்துச்சு. மண்தடம்னு எழுதினா கார்பெட் பத்தி ஒரு வரி கூட எழுத முடியாது. மண்ணு போனாலும் போகாதது ஒண்ணு இருக்கு, மேடும் பள்ளமும். மேடுபள்ள ஓட்டம்னு வைங்க, அதுக்கு எதிரா ஆன்ரோடுக்குச் சமதள ஓட்டம். சாலைங்கற சொல்லே ரெண்டுலயும் வேணாம், ஆன்ரோடு வண்டியும் சாலையில ஓடறது இல்ல.

மறு: குறுந்தடம்

அண்ணா, இதை அச்சு எடுத்து வெச்சுக்கிட்டேன். முதல் பத்தி இப்படி வந்திருக்கு, பாருங்க:

"ஆர்சி மேடுபள்ள ஓட்டத்தில் டிரக் பிரிவுகள் பக்கியைப் போல நிலைத்து நின்றதில்லை. 1990களில் அரங்க டிரக்கும் நைட்ரோ டிரக்கும் கிளப்புகளை நிறைத்தன. 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் குறுந்தட டிரக் மற்ற எல்லாவற்றையும் ஓரம் தள்ளியது. பிறகு அதுவும் தேய, ஓரம் போயிருந்த அரங்க டிரக் மீண்டும் நடுவுக்கு வந்தது."

மறு: மறு: குறுந்தடம்

நல்லா வந்திருக்கு தம்பி. ஒரே ஒரு எடம். குறுந்தட டிரக்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, ட மேல ட வந்து நாக்கு தடுக்குது. மரத்துக்கிளை, குளத்துமீன்னு சொல்றோம் இல்லையா, அது மாதிரி சாரியை போட்டுக் குறுந்தடத்து டிரக்னு எழுதுங்க, தடுக்காது. பிரிவுன்னு வரும்போது குறுந்தடப் பிரிவு, அதுல சிக்கல் இல்ல. காத்துப்பிடிப்பு அருமையான சொல், நான் வேற தேடமாட்டேன், கட்டுரையில எழுதும்போது மட்டும் காற்றுப்பிடிப்புன்னு போட்டுடுங்க.

மறு: மறு: மறு: குறுந்தடம்

மாத்திட்டேன் அக்கா, ரெண்டையும். டிரக்கும் பக்கியும் சேர்ந்த அந்த எட்டுல ஒரு பங்கு டிரக்கிக்கு நாளைக்குத் தனி இழை ஆரம்பிக்கறேன்.