டூவெலா, வெஸ்ட்மாலே டிரிப்பலா? ஒரு பெட்டி (கிரேட்) பீர்தான் வாங்கப் போகிறேன்

மெகலன்_மாப்பிள்ளை:
கோயம்புத்தூரிலிருந்து மச்சான் அடுத்த வாரம் வருகிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர். பெல்ஜியம் வரைக்கும் வந்தவருக்கு இங்கேயும் லாகரையே, அதாவது அதே ரக வெளிர் பீரையே, ஊற்றினால் நாளைக்கு ஊரில் பேச்சாகிவிடும். கடையில் டூவெல், வெஸ்ட்மாலே டிரிப்பல் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் பொன்னிறம், இரண்டும் 33 சென்டிலிட்டர். டூவெலில் சாராயம் 8.5 சதவீதம், டிரிப்பலில் 9.5. நான் எப்போதாவது குடிப்பவன், எனக்கு ரெண்டுமே ஒன்றுதான். சனிக்கிழமை வீட்டில் மட்டன் சுக்கா, மிளகு தூக்கலாக. எதை வாங்கட்டும்?

ஷெல்டே_கரை:
உனக்கு வித்தியாசம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை தம்பி. அடிப்படை ரெண்டுக்கும் ஒன்றுதான்: வெளிர் நிறப் பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), கூடவே சர்க்கரை. சர்க்கரை இனிப்புக்காகப் போடுவதில்லை. ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். போதை ஏறும், பீர் கனக்காது. வெறும் மால்ட்டை வைத்தே 9 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் பாகு மாதிரி நாக்கில் நிற்கும்.

டூவெல் உன் மெகலனுக்குப் பக்கத்துச் சரக்கு. பிரேன்டாங்கில் மோர்ட்காட் குடும்பம் 1871இல் தொடங்கிய ஆலை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஸ்காட்லாந்து போய் ஈஸ்ட் கொண்டுவந்து போட்ட பீர் அது. அப்போது கருப்பாகத்தான் இருந்தது. நீ பார்த்த பொன்னிறம் 1970இல் வந்தது. வெஸ்ட்மாலே ஆன்ட்வெர்ப்புக்கு வடகிழக்கே உள்ள டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் காய்ச்சுவது. டிரிப்பல் 1934இல் வந்தது, 1956இல் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கூட்டி இன்றைய பக்குவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று டிரிப்பல் என்று விற்பதில் பாதிக்கு மேல் இதைப் பார்த்துக் காய்ச்சியதுதான் என்பது என் கணக்கு.

டூவெலை ஊற்றும்போது கவனி. துலிப் பூ வடிவக் கண்ணாடி, அடியில் ஒரு எழுத்தைச் செதுக்கியிருப்பார்கள். குமிழி அங்கிருந்துதான் விடாமல் கிளம்பும். நுரை கண்ணாடியில் பாதி உயரத்துக்கு எழும், அப்படியே நிற்கும். முதல் வாயில் பேரிக்காய் வாசனை, எலுமிச்சைத் தோல், அப்புறம் ஒரு சுரீர். விழுங்கியதும் வாய் காய்ந்துவிடும், அடுத்த வாய் கேட்கும். 8.5 என்பதே மறந்துபோகும். எனக்கு அந்தப் பீரைப் பிடிப்பதும் அதனால்தான், பயமும் அதனால்தான்.

டிரிப்பல் இன்னும் கொஞ்சம் நிதானம். பழுத்த வாழைப்பழம் லேசாக, ஆரஞ்சு, ஈஸ்ட் தருகிற கிராம்பு வாசனை, நடுவில் தேன் தடவிய ரொட்டி. கடைசியில் கசப்பு வரும், அதுவும் கெட்டியான கசப்பு. இனிப்பு பீர் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே.

சுக்காவுக்கு என் ஓட்டு டிரிப்பலுக்கு. மிளகுக் காரமும் குமிழிக் குத்தலும் நாக்கில் ஒரே இடத்தில் போய் விழும். டூவெலில் குத்தல் அதிகம், மால்ட் பின்னால் நிற்காது. டிரிப்பலில் அந்த ரொட்டி வாசனை கறியோடு சேரும், ஆட்டுக் கொழுப்பைக் கசப்பு அறுத்துவிடும். சாராயம் காரத்தைக் கூட்டும் என்பது ரெண்டுக்கும் பொருந்தும். அதனால் தண்ணீர்ச் சொம்பு மேசையில் இருக்கட்டும்.

கெண்ட்_குமார்:
ஷெல்டே அண்ணன் சொன்னதில் சுவை சரி, முடிவு தப்பு. வருகிறவர் லாகர் குடித்தே பழகியவர். அவருக்கு முதல் நாளே வாழைப்பழம், கிராம்பு என்று கொடுத்தால் 'என்ன மாப்ள, கெட்டுப்போச்சா?' என்று கேட்பார். டூவெல் ஜில்லென்று இருக்கும்போதே நன்றாக இருக்கும், நிறமும் அவருக்குப் பழகிய நிறம். பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜியை வை, மனிதர் உன்னை மறக்கமாட்டார். சுக்காவை மதியம் சோற்றோடு சாப்பிட்டுக்கொள்ளலாம், அதற்குப் பீரே வேண்டாம்.

ஷெல்டே_கரை:
பஜ்ஜிக்கு டூவெல் என்பதில் எனக்குச் சண்டை இல்லை குமார். அவன் கேட்டது சுக்காவுக்கு.

இன்னொன்று. ஊரில் ஸ்ட்ராங் என்றாலும் 8 சதவீதத்தைத் தாண்டாது, இங்கே ரெண்டுமே தாண்டும். 33 சென்டிலிட்டர் டிரிப்பலில் கிட்டத்தட்ட 31 மில்லி சுத்தச் சாராயம். ஊரில் 650 மில்லி சாதா பீரில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். சின்ன பாட்டிலாச்சே என்று மச்சான் மூன்றை வரிசையாக வைத்தால் உன் சோபாவில்தான் தூங்குவார். கார் சாவியை முதலிலேயே எடுத்து உள்ளே வைத்துவிடு. இங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வந்தாலே அபராதம்.

நேரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட்மாலேவுக்கே கூட்டிப் போ. மடத்துக்குள் விடமாட்டார்கள், எதிரே இருக்கும் கஃபேயில் உட்காரலாம். அங்கே அதே மடத்தின் கருப்பு பீரான டுப்பலையும் டிரிப்பலையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே கோப்பையில் தருவார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை, ஆனால் மச்சானுக்குக் கதை சொல்ல ஒன்று கிடைக்கும்.

மெகலன்_மாப்பிள்ளை:
டிரிப்பல் ஒரு கிரேட், டூவெல் நாலு பாட்டில், பஜ்ஜிக்காக. குமார் ப்ரோ, கோபம் வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம்: ஃபிரிட்ஜில் இடம் இல்லை, பாட்டிலைப் படுக்க வைக்கலாமா?

ஷெல்டே_கரை:
வேண்டாம், நிமிர்த்தியே வை. ரெண்டுமே பாட்டிலுக்குள் இன்னொரு முறை நொதிக்கிறவை, அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். படுக்க வைத்தால் பக்கவாட்டில் படிந்து, ஊற்றும்போது மொத்தமும் கலங்கி வரும். கிரேட்டை இருட்டான இடத்தில் விட்டுவிடு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆறு பாட்டிலை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்து. டிரிப்பலை ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடு. ஒரே வீச்சில் மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விடு. மச்சான் அதையும் கேட்டால் தனி டம்ளரில் கொடு.