400 கணக்குகள் போட்டும் முதல் சுற்றிலேயே தோற்கிறேன்

சோமனூரான்:
அனைவருக்கும் வணக்கமுங்க. சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டுகளாக ஜாவா மொழியில் நிரல் எழுதி வருகிறேன். கூகுள், அமேசான் போன்ற நிறுவனங்களுக்கு முயல்வதற்காக நிரல் எழுதிப் பழகும் தளமான லீட்கோடில் 400க்கு மேற்பட்ட நிரல் கணக்குகளைப் போட்டிருக்கிறேன். ஆயினும் சென்ற மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலில், முதல் சுற்றில், பலமுறை போட்டுப் பழகிய அதே வகைக் கணக்கு வந்தும், 20 நிமிடம் வாய் திறக்காமல் எழுதிவிட்டு, விளக்கச் சொன்னபோது தடுமாறினேன்; மறுநாளே மறுப்பு மின்னஞ்சல் வந்துவிட்டது. இன்னும் கணக்குகளைக் கூட்ட வேண்டுமா?

நொய்யல்கரை:
வேண்டாம் தம்பி. கேள்வி கேட்டவர் பிறகு எழுதும் குறிப்பில் நீங்கள் சொன்னதுதான் இடம்பெறும். மனத்துக்குள் ஓடியது அவருக்கு எப்படித் தெரியும்? கணக்கு கைக்கு வந்ததும் எழுதத் தொடங்காமல், உள்ளீடு எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். 1 லட்சம் எண்கள் என்றால், ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் இரட்டைச் சுழல் 1,000 கோடி முறை வரை ஓட நேரிடும், ஆகவே தேடுவதை உடனே எடுத்துத் தரும் ஹேஷ்மேப் வைத்துப் பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒரு சிறிய உள்ளீட்டை வைத்து வரிவரியாக நடத்திக் காட்டுங்கள். பிழை எங்கே வரலாம் என்றும் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி தேடலில், நடு இடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால், கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டும்போது, ஜாவாவின் முழு எண் வகையான இன்ட் எதிர்மறை எண்ணாகிவிடும். கீழெல்லையோடு இடைவெளியின் பாதியைக் கூட்டுவதே சரி. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பல ஆண்டுகள் கிடந்த இந்தப் பிழை, 2006இல் அந்த நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் அதைப் பற்றி எழுதிய பிறகே பரவலாகத் தெரியவந்தது. அதை நீங்களே சுட்டிக்காட்டினால் மதிப்புக் கூடும்.

பவானிக்காரி:
அண்ணன் சொன்னது கோடிங் சுற்றுக்குப் பொருந்தும். ஆனால் 4 ஆண்டு அனுபவம் உள்ளவரை அதோடு விடமாட்டார்கள். அமேசான் தன் 16 தலைமைக் கோட்பாடுகளை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. அவற்றை ஒட்டி, உங்கள் வேலையில் நடந்ததைக் கேட்பார்கள். திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய மென்பொருளில் ஒரே ஆர்டர் இருமுறை பதிவான பிழையைப் பற்றி ஒரு நேர்காணலில் நான் சொன்னபோது, "நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்கள் திருத்தினோம்" என்றே பேசிக்கொண்டிருந்தேன். "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேள்வி கேட்டவர் மூன்று முறை கேட்டார். "நான்" என்று சொல்வதைத் தற்பெருமையாக நினைக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே உதவாது.

சோமனூரான்:
நன்றி அண்ணா, அக்கா. எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருப்பதால், வாய்விட்டுப் பேசினால் எனக்கே கேட்காது. பேசாமல் போட்டுப் பழகியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்று பேசிப் பழகலாம் என்றால், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நொய்யல்கரை:
ஞாயிறு காலை 10 மணிக்கு நான் கேட்கிறேன், தனிச்செய்தியில் இணைப்பு அனுப்புங்கள். கூகுள் டாக்ஸில்தான் எழுத வேண்டும். ஓட்டிப் பார்க்கும் பொத்தான் அங்கே கிடையாது.