வெள்ளரி: காய்ப்புக்கு எது, விதைக்கு எது?

தக்கலை_தோட்டம்: அண்ணன்மாரே, 10 சென்ட்ல வெள்ளரி போடணும், கோ 1 (கோவை வேளாண் பல்கலை ரகம்) போடவா ஹைபிரிட் போடவா, காயும் நிறைய வேணும் விதையும் நானே எடுக்கணும், பக்கத்து வயல்ல கணிவெள்ளரி கெடக்கு, கலந்துருமா?

குலசேகரம்காரன்: காய் மட்டும்னா ஹைபிரிட்தான் தம்பி. அதுல ஜைனோஷியஸ்னு பெண்பூவா பூக்குற வகைல கணுவுக்கு கணு பெண்பூ, சாதா வகைல மொதல்ல ஆண்பூவா பூத்துத் தள்ளும். ஆனா எஃப்1 (ஹைபிரிட்) செடில விதைய எடுத்து போட்டா அடுத்த தலைமுறை ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு பிரிஞ்சுரும்.

விதைப்பெட்டி: கணிவெள்ளரி கலக்காது கேட்டியளா, அது முலாம்பழ சாதி, அதுக்கு குரோமோசோம் எண்ணிக்கை 24, வெள்ளரிக்கு 14. ஹைபிரிட்டும் கோ 1-ம் பக்கத்துல நின்னாதான் தேனீ கலக்கிரும். விதைக்கு கோ 1 செடில மறுநாள் விரியப்போற ஆண், பெண் மொட்டு ரெண்டையும் சாயங்காலமே நூலால கட்டுங்க, காலைல ஆண்பூவ ஒடிச்சு பெண்பூவுல தடவி திரும்ப கட்டிருங்க.

தக்கலை_தோட்டம்: விதைக்காய எப்ப பறிக்க?

விதைப்பெட்டி: நல்லா மஞ்சளா பழுத்தபொறவு.