தோப்பைக் கொடுத்தால் அது எப்படி விகாரை (புத்தத் துறவிகளின் மடம்) ஆகும்?

உச்சிப்புளி வாசகன்:
எங்கள் தாத்தா ஒரு தென்னந்தோப்பைக் கோயிலுக்கு எழுதி வைத்தார். குத்தகைப் பணம் கோயிலுக்குப் போகிறது, மற்றபடி அங்கே யாரும் தங்குவதில்லை. ஆனால் சாவத்தி நகரத்துப் பெருவணிகர் அனாதபிண்டிகர் தரையில் காசு பரப்பி விலைக்கு வாங்கிக் கொடுத்த ஜேதவனம் என்ற தோப்பில் புத்தரே பல மழைக்காலம் தங்கியிருக்கிறார். பிக்குகள் மரத்தடியிலா படுத்தார்கள்? ஊருக்குள் நல்ல வீடாகக் கொடுத்திருக்கலாமே?

தேவிபட்டினம் அண்ணன்:
தம்பி, ஊருக்குள் கொடுத்தால் இரைச்சல், காட்டுக்குள் கொடுத்தால் சோறு கிடையாது. காலையில் பிச்சைக்கு நடந்து போய் உச்சிப் பொழுதுக்குள் சாப்பிட்டாக வேண்டுமே. ஊருக்கு ரொம்பப் பக்கமும் இல்லை, ரொம்பத் தூரமும் இல்லை, ஜனம் வந்து போக வசதி, ராத்திரி அமைதி என்று பார்த்துத்தான் மகத அரசர் பிம்பிசாரர் தன் தலைநகர் ராஜகிருகத்தில் வேணுவனம் என்ற மூங்கில் தோப்பைக் கொடுத்ததாக விநயம் (பிக்குகளின் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் நூல்) சொல்கிறது. அனாதபிண்டிகரும் சாவத்தியில் அதே கணக்கில்தான் இடம் தேடினார். நம் பக்கம் ஊர் முடிந்து பனங்காடு தொடங்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மரத்தடிதான், அப்புறம் குடில் கட்டப் புத்தரின் அனுமதி வந்ததும் ராஜகிருகத்துச் செட்டியார் ஒரே நாளில் 60 குடில் போட்டார். அவர் அனாதபிண்டிகரின் மைத்துனர். ஜேதவனத்தில் கிணறு, குளம், நடைபாதை, சேமிப்பறை எல்லாமே கட்டினார்கள்.

மண்டபம் அக்கா:
ஜேதவனத்தைத் தானம் கொடுக்கும் காட்சி மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத் ஸ்தூபியின் சிற்பத்தில் உண்டு. அதன் படத்தைப் பாருங்கள், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 2ஆம் நூற்றாண்டு வேலை. வண்டி மாடுகளை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள், ஆட்கள் சதுரக் காசுகளைத் தரையில் நெருக்கிப் பரப்புகிறார்கள், நடுவில் அனாதபிண்டிகர் கெண்டியோடு நிற்கிறார், தாரை வார்க்க! நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணைத் தாரை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையை விளக்கவே வேண்டாம். பக்கத்தில் கந்தகுடி, கோசம்பகுடி என்று பெயர் பொறித்த இரண்டு குடில்களும் உண்டு, மரங்களும் அப்படியே நிற்கின்றன.

உச்சிப்புளி வாசகன்:
நன்றி அக்கா. அப்படியென்றால் தோப்பு யாருக்குச் சொந்தம், புத்தருக்கா?

தேவிபட்டினம் அண்ணன்:
இல்லை தம்பி, நாலு திசைச் சங்கத்துக்கு, அதாவது எல்லாத் திசையிலும் உள்ள பிக்குகளின் கூட்டத்துக்கு, வந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து. அப்படிக் கொடுக்கச் சொன்னதே புத்தர்தான் என்கிறது விநயம். எங்கிருந்தோ வந்த பிக்குவும் அங்கே விருந்தாளி இல்லை, உரிமையோடு பாயை விரிக்கலாம். எனக்கு இந்த ஒரு வரிதான், பரப்பின காசை விடப் பெரிசாகத் தெரிகிறது.