இரண்டு கட்டுமான கம்பெனிகளின் சைபர் ரிஸ்க்கை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: சப்-கான்ட்ராக்டுக்கு இரண்டு கம்பெனிகள் போட்டியில். இரண்டிடமும் ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்) இருக்கிறது. வெளியிலிருந்து வித்தியாசம் தெரியுமா?

பதில் 1: சான்றிதழில் ஸ்கோப் வரியை, அதாவது அது எதுக்கெல்லாம் பொருந்தும்னு சொல்ற வரியைப் படிங்க. தலைமை அலுவலகம் மட்டும்னு இருந்தா சைட் ஆபீஸ் லேப்டாப்பும் ரவுட்டரும் அதில் வராது. அடுத்து இருவரோட டொமைனிலும் டிமார்க் ரெக்கார்டை (அவங்க டொமைன் பேரில் வரும் போலி மெயிலை என்ன செய்யணும்னு சொல்ற பதிவு) பாருங்க. பாலிசி 'நன்' என்றால் அவங்க பேரில் வரும் போலி மெயில் தடுக்கப்படாது. 'ரிஜெக்ட்' இருந்தா நல்லது. முடிந்துபோன ப்ராஜெக்ட்டுகளின் சப்டொமைன்களையும் (டொமைனுக்குக் கீழே தனியா வெச்ச இணைய முகவரிகள்) தேடுங்க. கட்டடம் முடிஞ்சாலும் லாகின் பக்கம் திறந்தே கிடக்கலாம்.

பதில் 2: டிமார்க்கை மட்டும் நம்பாதீங்க. ஒரு எழுத்து மாற்றி வாங்கின டொமைனையோ, ஹேக் ஆன உண்மையான மெயில்பாக்ஸையோ அது பிடிக்காது. ரன்னிங் பில் (வேலை நடக்கும்போதே இடையில் போடுற பில்) நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிடுச்சு"ன்னு மெயில் வந்தா என்ன செய்வீங்கன்னு இருவரோட அக்கவுன்ட்ஸ் ஆளையும் கேளுங்க. ஒப்பந்தத்தில் உள்ள நம்பருக்குப் போன் பண்ணி உறுதி செய்வோம்ங்கிறதுதான் சரியான பதில். மெயிலில் இருக்கிற நம்பருக்குன்னா, போச்சு.

பதில் 3: ஆன்டிவைரஸ் மாதிரி சாஃப்ட்வேர் அனுப்பும் அலர்ட்டை யார் பார்க்கிறாங்கன்னும் கேளுங்க. பிரிட்டனின் கட்டுமான கம்பெனி இன்டர்சர்வ் 2020-இல் ஃபிஷிங் மெயிலில் (ஏமாத்தி க்ளிக் பண்ண வைக்கும் போலி மெயில்) சிக்கியது. ஆன்டிவைரஸ் எச்சரித்தும் யாரும் சரியா விசாரிக்கல. 283 சிஸ்டம் பாதிப்பு; 2022-இல் 44 லட்சம் பவுண்ட் அபராதம்.